கூட்டி வைத்த அடுப்பு

காட்டில் எங்கே தங்கினாலும், புறப்படுவதற்கு முன் தம் கையால் செய்த பொருள்களையெல்லாம் எரித்துவிட்டுத்தான் யாரசிம் கிளம்புவார். அது அவருடைய நெடுநாளைய வழக்கம். ஊற்றங்கரையில் பூர்ச்சமரப் பட்டையை உரித்து, புனல்போல் மடித்து, பிளந்த குச்சியில் செருகி, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு குவளை செய்துவிடுவார். நீர் குடித்த பிறகு அந்தக் குவளையை ஒரு கொம்பில் கவிழ்த்து மாட்டிவிட்டுப் போவதுதான் எங்கள் பெச்சோரா ஆற்றங்காடுகளின் முறை. பின்னால் வருகிறவன் குடிக்கட்டும் என்பதற்காக. யாரசிம் மாட்ட மாட்டார். நசுக்கித் தீயில் போடுவார். மரவேரில் முறுக்கிய கயிறு, மரக்கணுவில் செதுக்கிய தூண்டில் முள், பட்டைக் கரண்டி, கிளைகளைப் பின்னிய படுக்கை… எல்லாவற்றுக்கும் அதே கதி.

“என் கை செஞ்சத எவனோ ஒரு சோம்பேறி வந்து அனுபவிக்கணுமா? வேணும்னா அவனே செஞ்சுக்கட்டும். காட்டுல மரத்துக்கா பஞ்சம்?” என்பார்.

அப்படிச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. ஒரு கோடாரியும் ஒரு கத்தியும் கொடுத்து யாரசிமை எந்தக் காட்டில் விட்டாலும், மறுநாள் அங்கே ஒரு வீடே இருக்கும் என்று ஊரில் பேச்சு.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது… ஆம், இப்போது சரி.

யாரசிம், என் நண்பன் பெதோரின் அக்காள் கணவர். பெதோர் பொய்யே சொல்லாதவன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவன் பிடித்த மீன், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு சாண் வளரும். ஆனால் இந்தக் கதை மட்டும் வளர்ந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் அதே அளவு. அதே தாழ்ந்த குரல்.

நிக்கோலா திருநாளுக்கு முந்தின நாள் அது. பகல் என்று பெயர்தான். நண்பகல் சாய்ந்ததும் ஒளி வடிந்து, பனி நீலமாகிவிடும் பருவம். துப்பிய எச்சில் தரையைத் தொடுமுன் உறைந்து வெடிக்கும் குளிர். ஆற்றை ஒட்டிய ஒற்றைத் தடத்தில், இருபுறமும் கறுத்து நின்ற மரங்களுக்கு நடுவே, காலில் சறுக்குக் கட்டைகளோடு யாரசிம் ஊரை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தார். முன்னால் அவருடைய நாய் செர்க்கோ. வேறு உயிரில்லை.

திடீரென்று நின்றார்.

அடுப்பு!

முந்தின இரவு அவர் தங்கியது தம் குடிலில் அல்ல. சறுக்குக் கட்டை ஒன்று பாதி வழியில் முறிந்து போகவே, ஒப்போன் என்ற இளைஞனின் வேட்டைக் குடிலில் ஒதுங்கியிருந்தார். ஒப்போன் அங்கே இல்லை. ஆனால் அடுப்பு கூட்டி வைக்கப்பட்டிருந்தது. எங்கள் காட்டில் எந்தக் குடிலிலும் அப்படித்தான் இருக்கும், இருந்தாக வேண்டும். அடியில் பூர்ச்சப் பட்டை. அதன்மேல் கத்தியால் சீவிய சுருள்சீவல். அதற்கும் மேல் காய்ந்த பிளவு விறகு. பக்கத்தில் தீப்பெட்டி, அதிலும் இரண்டு குச்சிகள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வருகிறவன் எந்த நிலையில் வருவானோ? பெட்டியைத் திறக்க அவன் விரல் மடங்குமோ, மடங்காதோ? ஒரே உரசலில் அவனுக்குத் தீ கிடைக்க வேண்டும். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனவனைக்கூட எங்கள் ஊர் மன்னிக்கும். அடுப்பைக் கூட்டாமல் போனவனை மன்னிக்காது. அவனோடு யாரும் வேட்டைக்குப் போக மாட்டார்கள்.

யாரசிம் அந்த அடுப்பை மூட்டிக் குளிர் காய்ந்தார். இரவோடிரவாக மரம் பிளந்து, நீராவியில் முனை வளைத்து, புதிய சறுக்குக் கட்டைகள் செய்தார். தரையெல்லாம் சீவல் முழங்கால் அளவு குவிந்தது. விடிந்ததும் தம் வழக்கப்படி… தாம் செய்த சீவலையும், துண்டு துணுக்குகளையும், மிச்சமிருந்த காய்ந்த விறகையும் அள்ளி அள்ளி அடுப்பில் போட்டு எரித்தார். கிளம்பினார். கை பழக்கத்தில் செய்ததை மனம் கவனிக்கவில்லை.

இப்போது தடத்தின் நடுவே நின்று திரும்பிப் பார்த்தார். திரும்பிப் போனால் திருநாள் போய்விடும். வீட்டில் மீன் அடை சுட்டு வைத்திருப்பார்கள். நீராவிக் குளியலறையில் கல் சிவக்கச் சூடேறியிருக்கும்.

‘திருநாளும் அதுவுமா எவன் வரப் போறான்?’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்த வளைவில் செர்க்கோ வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்தது. எதிரே, பனியில் சறுக்கும் சின்னக் கைவண்டியை இழுத்துக்கொண்டு ஒருவன் வந்தான்.

ஒப்போன்.

“அட, யாரசிம் அண்ணனா! டேய் செர்க்கோ, விடுடா, இன்னைக்கு மீன்தலை இல்லடா! என்ன அண்ணே, புதுக் கட்டையா? மரம் இன்னும் அழுவுதே, பிசின் வழியுது பாருங்க.”

“பழசு முறிஞ்சு போச்சு. உன் குடில்லதான் தங்கினேன். அங்கயே செஞ்சுட்டேன்.”

“ஒரே ராத்திரியிலயா? நீங்க மனுசன்தானா? நான் ஒரு மாசம் உக்காந்து செஞ்ச கட்டையப் பாத்துட்டு, மாவு பிசையற தொட்டியான்னு கேட்டா எங்க வீட்டுக்காரி ஒகாப்!”

யாரசிம் சிரித்தார். சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

“நீ எங்கடா இந்த நேரத்துல?”

“காட்டுக்கோழி கட்டித் தொங்க விட்டிருக்கேன் அண்ணே, குடில் பரண்ல. திருநாளுக்குக் கோழி இல்லாம வீட்டுக்குள்ள வராதேன்னுட்டா. ராத்திரி தங்கிட்டு விடியறதுக்குள்ள திரும்பிடுவேன்.” பிறகு ஒப்போன் கையுறையைத் தட்டிக்கொண்டு சொன்னான்: “அப்படிப் பாத்தா நான் கொடுத்து வச்சவன். இன்னைக்கு உங்க கை சீவின சீவல்ல தீ மூட்டப் போறேன். ஊர் முழுக்கச் சொல்லிக்குவேன்.”

ஒரு சொல் போதும். ‘கூட்டலடா.’ அவ்வளவுதான். ஒப்போன் வழியிலேயே நாலு காய்ந்த சுள்ளியை ஒடித்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் காட்டிலேயே கைதேர்ந்தவர் என்று பேர் வாங்கிய மனிதர், தம்மைவிடச் சிறியவனிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வார்? வாய் திறந்தது. வந்தது வேறு சொல்.

“இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரு.”

ஒப்போன் போனான். செர்க்கோ கொஞ்ச தூரம் அவன் பின்னாலேயே போய், நின்று, திரும்பி வந்தது.

திருநாள் முடிந்தது. ஒப்போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தேடிக்கொண்டு போனவர்கள் இருவர்: யாரசிமும் பெதோரும். குடில் கண்ணில் பட்டதும், “நாயக் கட்டிட்டு வா” என்று பெதோரை நிறுத்திவிட்டு, தாம் மட்டும் முந்திக்கொண்டு உள்ளே போனார்.

குடிலுக்குக் கீழே, ஆற்றின் அடியில் வெந்நீர்போல் ஊற்றுக் கொப்பளிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே பனிக்கட்டி அப்பளம்போல் மெல்லியது. மேலே பனி மூடியிருந்தால் தெரியாது. ஒப்போன் அதில் விழுந்திருக்கிறான். கைவண்டி, கோடாரி, கத்தி எல்லாம் ஆற்றோடு போய்விட்டன. நனைந்த உடையோடு ஊர்ந்து குடிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். அடுப்பைத் திறந்திருக்கிறான்.

அடுப்பு வெறுமையாக இருந்தது.

அடுப்பு வாயருகில் முழந்தாளிட்டபடியே இருந்தான் ஒப்போன். சுற்றிலும் எரிந்து தீர்ந்த தீக்குச்சிகள். பெட்டி காலியாகியிருந்தது. இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே, நெஞ்சோடு சேர்த்து அணைத்திருந்த ஒரு பூர்ச்சக் கட்டை; மூலையில் எரியாமல் தப்பியிருந்த ஒன்று. அதன் ஒரு பக்கம் முழுவதும்…

பல் தடம்.

விரல் மடங்காத மனிதன் பல்லால் சீவல் எடுத்திருக்கிறான். பிய்த்து, பிய்த்து, ஒவ்வொன்றாக மூட்டிப் பார்த்திருக்கிறான். சில சிராய்களின் நுனி கருகியிருந்தது. இன்னும் இரண்டே இரண்டு சீவல் இருந்திருந்தால் பிடித்திருக்கும்.

வெளியே பெதோரின் காலடி கேட்டது. யாரசிம் அந்தக் கட்டையை உருவினார். தம் பையிலிருந்த சீவலை அடுப்பில் போட்டு, மூட்டி, கட்டையை உள்ளே தள்ளினார். கீழே கிடந்த குச்சிகளையும் சிராய்களையும் பொறுக்கிப் போட்டார். காய்ந்த பூர்ச்சக் கட்டை பட்படென்று வெடித்து எரியும். இது வெடிக்கவில்லை. உள்ளேயிருந்து ஏதோ அறுபடுவதுபோல், மெதுவாக…

கர்ர்… கர்ர்…

பெதோர் உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றினான். அழுதான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“மச்சான், விறகு ஒண்ணுமே இல்லையே இங்க? போன தடவை கூட்டாமயா போயிருக்கான் இந்தப் பய? சொந்தக் குடில்லயே!”

யாரசிம் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்தது ஆம் என்று ஆயிற்று.

ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. தன் அடுப்பைத் தானே கூட்டாமல் போய்த் தன் சாவைத் தானே தேடிக்கொண்டவன் என்று ஒப்போனுக்குப் பெயர் வந்தது. அடக்கத்துக்குப் பிறகு சாப்பாட்டுப் பந்தியில் இறந்தவனைப் பற்றி ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்வது எங்கள் மரபு. அன்று எல்லோரும் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். ‘கூட்டாத வீட்டுக்காரி’ என்று ஒகாப்புக்குப் பட்டம் கிடைத்தது. ஆற்றில் தண்ணீர் மொள்ளப் போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவள் யாரசிமைக் கண்டால் மட்டும், “அவர நீங்கதானே அண்ணே வீட்டுக்குக் கொண்டாந்து சேத்தீங்க” என்று கும்பிடுவாள். அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொண்டு அவர் வேகமாக நடந்துவிடுவார்.

அதன்பின் வேட்டைக்குப் போன முதல் இரவிலேயே தொடங்கிவிட்டது.

வெட்டவெளியில், நீளமான இரண்டு மரங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி மூட்டிய தீ. விடிய விடிய அணையாத தீ அது. ஒரு பக்கம் யாரசிம், மறுபக்கம் பெதோர். தீயின் சத்தம் அடங்கி, கங்கு மட்டும் மூச்சு விடும் வேளையில்… இருட்டுக்குள், இருபதடிக்கு அப்பால்…

கர்ர்… கர்ர்… சற்று நிசப்தம். யாரோ மூச்சு வாங்குவதுபோல. மறுபடி… கர்ர்…

“பெதோர். ஏதாச்சும் கேக்குதா?”

“உங்க குறட்டைதான் கேட்டுச்சு. இப்ப அதுவும் நின்னு போச்சு. தூங்குங்க.”

காலையில் எழுந்து கஞ்சி குடிக்கக் கரண்டியை எடுத்தார். முந்தின மாலைதான் பட்டையை மடித்து, பிளந்த கழியில் செருகிச் செய்திருந்தார். கரண்டிக் காம்பில் வரிசையாகப் பள்ளங்கள். பெதோர் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அக்கா கட்டிக் குடுத்த ரொட்டி பத்தலையா மச்சான்? கரண்டியவே தின்னுருக்கீங்க!”

யாரசிம் கரண்டியைத் தீயில் போட்டார். அடுத்த நாள் செய்த கோடாரிப் பிடியிலும் அதே தடம். அதற்கடுத்த நாள், முறுக்கிய வேர்க்கயிறு நாலு இடத்தில் மெல்லப்பட்டிருந்தது. எரித்தார். எரித்தவை எரிந்தன. ஆனால் அவர் எதைச் செய்தாலும், விடிவதற்குள் யாரோ ஒருவர் அதில் வாய் வைத்திருந்தார்.

மூன்றாம் இரவோ நான்காம் இரவோ, பெதோருக்கும் அது கேட்டது. சிரிப்பாகவே பேசினான், ஆனால் தீக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் பேசினான்.

“யாரோ மரத்தக் கடிக்கற மாதிரி இல்ல இருக்கு? மச்சான், அது உங்க ஒர்த்தா இருக்கும்.”

ஒவ்வொரு மனிதனோடும் ஒரு நிழலாள் பிறக்கிறான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒர்த் என்போம். ஆள் செய்யப் போகும் காரியத்தை அவன் முன்னதாகவே செய்து பார்ப்பானாம். தச்சன் வேலைக்குப் போகுமுன்னே அவன் உளிச் சத்தம் கேட்குமாம்.

“என் ஒர்த் எதுக்குடா மரத்தக் கடிக்குது?” என்றார் யாரசிம். குரலில் சிரிப்பில்லை.

“வயசாச்சுல்ல, பல்லு இருக்கான்னு சோதிச்சுப் பாக்குதோ என்னவோ.”

அப்போது செர்க்கோ எழுந்தது. குரைக்கவில்லை. உறுமவில்லை. தீயின் வெளிச்சம் முடியும் இடத்தை நோக்கி, காதை மடித்துக்கொண்டு, வாலை ஆட்டியது. மீன்தலைக்கு ஆட்டுவதுபோல் ஆட்டியது. பிறகு இருட்டுக்குள் போய், எதையோ நக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தது. அதன் முகமெல்லாம் நனைந்த கம்பளியின் வாடை.

விடிந்ததும் பெதோர் மூட்டை கட்டிவிட்டான்.

“நாய் குரைச்சா நான் பயப்பட மாட்டேன். வாலாட்டுதே மச்சான்… வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்.”

“நீ போ. கண்ணியெல்லாம் எடுத்துட்டு வரேன்” என்றார் யாரசிம். வீட்டுக்குப் போனால் ஒகாப்பின் வாசலைக் கடக்க வேண்டும். அதற்குக் காடே தேவலை என்று அவருக்குத் தோன்றியது. பெதோர் செர்க்கோவைக் கூப்பிட்டான். அது யாரசிமை ஒருமுறை பார்த்தது. பெதோரின் பின்னாலேயே போய்விட்டது.

கண்ணிகளை அவிழ்த்துக்கொண்டே வந்த யாரசிம், அன்று சாயங்காலம் ஆற்றைக் கடந்தார். எங்கே கடக்கிறோம் என்று பார்க்கவில்லை என்றுதான் பின்னால் சொன்னார். அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம்… அவ்வளவுதான் தெரியும். இடுப்பு… மார்பு… நீர் கழுத்தை எட்டியது. பையும் கோடாரியும் நீரோடு போயின. இடுப்புக் கத்தியையும் காணோம். முழங்கையால் பனிக்கட்டியை உடைத்து உடைத்துக் கரையேறினார்.

ஏறி நின்று பார்த்தார். மேலே… ஒப்போனின் குடில்.

சுற்றிலும் பூர்ச்சமரங்கள். பட்டை இருந்தது. சுள்ளி இருந்தது. மரங்களில் தீப்பற்றும் காளான் குளம்பு குளம்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டையே கட்டத் தேவையான எல்லாம் கை எட்டும் தொலைவில். ஒரு பட்டையைப் பிடித்து இழுத்தார். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. மரத்துண்டுகள்போல் அதன்மேல் மோதி வழுக்கின. காடு முழுவதும் பொருள் இருந்தது. கைதான் இல்லை.

தோளால் கதவைத் தள்ளினார். அந்தச் சாவுக்குப் பிறகு அந்தக் குடிலில் யாரும் கால் வைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? வெறும் அடுப்பு. தீக்குச்சி ஒன்றுகூடக் கிடையாது. கடைசிக் குச்சியைப் பொறுக்கி எரித்ததே அவர்தானே.

இருந்தும் முழந்தாளிட்டார். ஒப்போன் முழந்தாளிட்டிருந்த அதே இடம். மணிக்கட்டால் அடுப்புக் கதவை நெம்பித் திறந்தார்.

அடுப்பு கூட்டி வைக்கப்பட்டிருந்தது.

பட்டை அடியில். பிளவு விறகு மேலே. இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி சீவல். ஒரு பிடிதான் இருக்கும். பக்கத்தில் தீப்பெட்டி. இரண்டு குச்சிகள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

யாரசிம் குனிந்து பார்த்தார். அந்தச் சீவல் கத்தி பட்டதல்ல. சுருளவில்லை. ஓரமெல்லாம் பிய்ந்து, நசுங்கி, நார் நாராய்… நுனி ஒவ்வொன்றும் ஈரம். எச்சில் தரையைத் தொடுமுன் உறையும் குளிரில், அந்த ஈரம் உறையவில்லை.

முதுகுக்குப் பின்னால், படுக்கைப் பலகைப் பக்கம், நனைந்த கம்பளி வாடை வந்தது. மென்ற மரத்தின் இனிப்பு வாடையும் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை என்று இன்றுவரை சத்தியம் செய்வார். குச்சியை உதட்டால் கவ்வி எடுத்தார். தீப்பெட்டியை முழங்காலுக்கு இடையில் இடுக்கி, தலையை அசைத்து உரசினார்.

முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

செர்க்கோ மட்டும் ஊருக்குள் வராமல் பாதி வழியில் நின்று ஊளையிட்டதால், மனம் கேட்காமல் திரும்பி வந்த பெதோர் அவரைக் கண்டுபிடித்தான். உயிர் இருந்தது. விரல்கள் கறுத்துவிட்டன. பெதோர் முயல்தோலால் கைகளைச் சுற்றி, தன் கைவண்டியில் கிடத்தப் போனான்.

“கூட்டி வை” என்றார் யாரசிம்.

“என்னது?”

“அடுப்பக் கூட்டி வை பெதோர். கூட்டாம நான் இந்தக் கதவத் தாண்ட மாட்டேன்.”

“செத்துக்கிட்டு இருக்கீங்க மச்சான்! இப்பப் போய்…”

“கூட்டு!”

பெதோர் கூட்டினான். சீவினான், அடுக்கினான், பெட்டியிலிருந்து இரண்டு குச்சிகளை இழுத்து நீட்டி வைத்தான். யாரசிம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் கண்ணை மூடினார்.

ஊர் எல்லையில் கண் விழித்ததும், தம் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார். ஒகாப்பின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பார்க்க ஊரே கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னால், வண்டியில் படுத்தபடியே சொன்னார்:

“ஒகாப்… உன் புருசன் கூட்டாமப் போனவன் இல்லம்மா. கடைசியா அங்க தங்கினவன் நான். கூட்டாம வந்தவன் நான். வழியில அவனப் பாத்தேன். பாத்தும் சொல்லல. அவன் பல்லால கடிச்ச கட்டைய எரிச்சவனும் நான்தான்.”

ஒரு கிழவர் தரையில் காறித் துப்பினார். ஒகாப் அழவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய், ஒரு சின்னப் பட்டைப் பெட்டியை எடுத்துவந்தாள். வேர்க்கயிற்றால் இறுக்கிக் கட்டிய பெட்டி.

“குளிப்பாட்டும்போது அவரு பல்லிடுக்குலேருந்து எடுத்தேன் அண்ணே. ஒரு பிடி சிராய். எதுக்கு மரத்தக் கடிச்சாருன்னு எனக்கு விளங்கல. யார்கிட்டயும் காட்டல. தெனமும் குலுக்கிப் பாத்துட்டுதான் படுப்பேன், சலசலன்னு கேக்கும்.” அவள் பெட்டியைக் குலுக்கினாள். “முந்தாநாள் ராத்திரிலேருந்து கேக்கல.”

கயிறு அவிழ்க்கப்பட்டிருக்கவில்லை. அவள்தான் அவிழ்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அடிப்பட்டை மட்டும் நனைந்திருந்தது.

பெட்டியை மூடிக் கீழே வைத்தாள். பிறகு விறகுக் குவியலிலிருந்து ஒரு பூர்ச்சக் கட்டையை எடுத்துவந்து யாரசிமின் மடியில் வைத்தாள்.

“கூட்டுங்க.”

யாரோ ஒருவர் ஓடிவந்து கத்தியை நீட்டினார். முயல்தோல் சுற்றிய கைகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. கத்தி நழுவி விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி விழுந்தது. யாரசிம் தலையாட்டினார். கட்டையை மணிக்கட்டுகளுக்கு நடுவே இடுக்கி, நெஞ்சோடு அணைத்து, குனிந்து…

கர்ர்…

அந்தச் சத்தம் கேட்டதும் பெதோர் சுவரைப் பிடித்துக்கொண்டானாம். அவனுக்குத் தெரிந்த சத்தம் அது. யாரசிமும் நிமிர்ந்து அவனைப் பார்த்தாராம். அவர் மறுபடி குனிந்தார். வாயோரம் இரத்தம் கசிய, ஒரு பிடி சேரும்வரை கடித்தார். ஒகாப் அதைக் கையில் வாங்கிக்கொண்டு போய்த் தன் அடுப்பைக் கூட்டினாள்.

அன்றிலிருந்து அவளை யாரும் அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கறுத்த விரல்களை வைத்தியர் எடுத்துவிட்டார். இருந்தும், ஆண்டுதோறும் முதல் பனி விழுந்ததும், யாரசிம் ஒப்போனின் குடிலுக்குப் போய் அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டு வருவார். வேறொருவர் சீவிக் கொடுத்தால் வாங்க மாட்டார். துணைக்குப் போகும் பெதோர் உள்ளே நுழைய மாட்டான்; செர்க்கோவைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பான். செர்க்கோ கதவைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

உள்ளேயிருந்து கேட்கும். கர்ர்… கர்ர்…

வயதான மனிதர், இடையிடையே மூச்சு வாங்க நிறுத்துவார். அவருடைய பெருமூச்சு வெளியே தெளிவாகக் கேட்கும் என்பான் பெதோர்.

அவர் மூச்சு வாங்கும்போதும்… அந்தச் சத்தம் நிற்பதில்லை.